எலும்பை வளைக்கும் தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பல கிராமங்களில் குழந்தைகளின் பற்களில் காவிக்கறை படிந்திருக்கிறது. முதுகு விறைத்து, முழங்கால் வளைந்து நிற்கும் பெரியவர்களும் உண்டு. இதைத் தலைவிதி என்பார்கள். விதியல்ல, பாறையிலிருந்து கரைந்து கிணற்று நீரில் சேரும் புளோரைடு!

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. இது இந்தியத் தர நிர்ணயம். இந்த விஷத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறும். வளைந்த எலும்பை நிமிர்த்த மருந்தும் கிடையாது.

வெயிலில் களை பறிக்கும் பெண்ணும், கல்லுடைக்கும் தொழிலாளியும்தான் அதிகத் தண்ணீர் குடிக்கிறார்கள். அவர்கள் உடம்பில்தான் அதிகம் சேர்கிறது. உழைப்பைத் தவிர விற்க ஏதுமில்லாதவருக்கு இடுப்பு போனால் என்ன மிச்சம்?

2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் துவங்கிற்று. நல்லதே. ஆனால், குழாய் வறண்டால் ஜனங்கள் பழைய கிணற்றுக்குத்தானே போகவேண்டும்? ஆகவே, கிராம சபையில் ஒரே குரலில் கேளுங்கள்: ஒவ்வொரு கிணற்று நீரையும் சோதனை செய்! முடிவைக் கிணற்றடியிலேயே எழுதி வை! காவிரி நீரைக் கடைசித் தெருவின் கடைசி வீடு வரை கொடு!

நாம் கேட்பது தர்மமல்ல, உரிமை.