மூணு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு எம்.ஏ.?

"என்னம்மா படிக்கிறே?"

"குழந்தைக் கல்வியில முதுகலை."

"எல்.கே.ஜி. எடுக்கவா எம்.ஏ.?"

அப்புறம் ஒரு சிரிப்பு. கல்லூரி கேண்டீனிலிருந்து கல்யாண வீடு வரைக்கும் இந்தச் சிரிப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். பி.காம். முடித்துவிட்டு எம்.காம். சேருகிறவனைப் பார்த்து "கணக்கு எழுதவா இவ்வளவு படிப்பு?" என்று யாரும் சிரிப்பதில்லை. அறியாமை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அரசாங்கமும் இதே சிரிப்பைச் சம்பளப் பட்டியலாக அச்சடித்து வைத்திருக்கிறதே, அதை என்ன செய்வது?

2025-ல் தமிழக அரசு வெளியிட்ட அங்கன்வாடி வேலை அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 7,783 பணியிடங்கள். அங்கன்வாடிப் பணியாளருக்குத் தகுதி பிளஸ் டூ தேர்ச்சி. முதல் ஓராண்டுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அதே அரசின் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,900 ரூபாயில் தொடங்குகிறது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! பதினேழு வயசுப் பையனிடம் பேச முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். மூணு வயசுக் குழந்தையிடம் பேச பிளஸ் டூ போதும். இத்தனைக்கும் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயசுக்குள் நடந்துவிடுகிறது என்று எழுதி வைத்திருப்பது 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை. எழுதினால் போதுமா?

இது எங்கே உறைக்கும் என்றால் பெரும்பாக்கத்தில். சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் போகிற சாலையில் வந்தால் தெரியும், வரிசை வரிசையாக எட்டு அடுக்குக் குடியிருப்புகள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கான திட்டம் அது. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். வீடு மாறியது, வேலை மாறவில்லை. பழைய இடத்துக்கே வீட்டு வேலைக்குப் போகிற அம்மா விடியற்காலையில் பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று பழைய தெருவில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு வேறு பிளாக்குக்குச் சிதறிப் போனார்கள். அந்த மூணு வயசுப் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது பால்வாடி மட்டும்தான்.

பால்வாடி டீச்சரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐ.சி.டி.எஸ். திட்டத்தில் ஆறு சேவைகள்: சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டச்சத்து விளக்கம், கடைசியாக முன்பருவக் கல்வி. எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளைப் போய்ப் பார்க்க வேண்டும், செல்போனில் போஷன் டிராக்கரை நிரப்ப வேண்டும். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமும் உண்டு. அதை எப்போது எடுப்பது? பேச்சு வராமல் ஒதுங்கி நிற்கிற குழந்தை கூச்சப்படுகிறதா, காது கேட்கவில்லையா, வீட்டில் ஏதாவது பார்த்துப் பயந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது பாசத்தினால் மட்டும் வருகிற விஷயம் இல்லை. அதற்குப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்புதான் கேண்டீனில் சிரிக்கப்படுகிற படிப்பு.

2019 ஜனவரியில் ஒரு நல்ல காரியம் ஆரம்பித்தது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. யாரை அனுப்பினார்கள்? உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை. அவர்கள் படித்தது ஒன்றிலிருந்து மேலே உள்ள வகுப்புகளுக்கு. தங்களைக் கீழே இறக்கிவிட்டதாக நினைத்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022-ல் அவர்களை ஆரம்பப் பள்ளிக்கே திருப்பி அழைத்தார்கள். மழலையர் வகுப்பே இருக்காது என்று பேச்சு கிளம்பியது. எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். கடைசியில் வந்தது தற்காலிகச் சிறப்பாசிரியர் நியமனம். மாதம் 5,000 ரூபாய்! இந்த இழுபறி முழுக்க இதற்கென்றே முதுகலை படித்தவர்களுக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் போடலாமே என்ற பேச்சே எழவில்லை.

சட்டமும் இதில் நழுவுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உரிமை என்கிறது. ஆறுக்குக் கீழே அரசு ஏற்பாடு செய்யலாம், அவ்வளவுதான்.

தென்சென்னைக்கு இந்த விஷயம் புதுசு என்றாவது சொல்ல முடியுமா? மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் இறங்கியது அடையாறில். பிரம்மஞான சபை அழைத்து, இந்தியா முழுவதிலுமிருந்து வந்த ஆசிரியர்களுக்கு அங்கேதான் பயிற்சி கொடுத்தார். குழந்தையைப் படிப்பது ஒரு தனிப் படிப்பு என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. அப்புறம் மீனா சுவாமிநாதன். 1972-ல் அவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கைதான் 1975-ல் ஐ.சி.டி.எஸ். பிறக்க வழி செய்தது. பின்னாளில் அவர் வேலை செய்த தரமணியும் சரி, அடையாறும் சரி, பெரும்பாக்கத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். மாண்டிசோரி என்ற பெயர் மட்டும் ஓ.எம்.ஆர். ஓரத்து விளம்பரப் பலகைகளில் பளபளக்கிறது, கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்காக.

"டிகிரி வந்தால் பாசம் வருமா? அனுபவம் போதாதா?" என்று கேட்பார்கள். டாக்டருக்கும் பாசம் வேண்டும்தான். அதற்காக எம்.பி.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டார்களா? பட்டத்தைக் காட்டிப் பால்வாடி டீச்சரை வெளியே தள்ளு என்றும் இங்கே யாரும் சொல்லவில்லை. சில மையங்களுக்குச் சேர்த்து ஒரு முதுகலைப் பட்டதாரி, குழந்தைகளோடு உட்காரும் வேலைக்கு மட்டும். பதிவேடு பார்க்க மேற்பார்வையாளர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். முதலில் பெரும்பாக்கம் மாதிரி இடங்களில் போடட்டும். மேலே படிக்க நினைக்கிற பால்வாடி டீச்சருக்குச் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்கட்டும். கல்விக் கொள்கை அவர்களுக்குச் சொன்னது ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு. 2023-ல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டத்தில் களத்துக்கு வந்தது மூன்று நாள் பயிற்சி!

பணம் எங்கே என்பவர்களுக்கு வணிகவியல் பதில் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-ல் ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகளை வைத்துப் பெர்ரி முன்பள்ளி ஆய்வு ஆரம்பித்தது. ஒரு பாதிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், மறு பாதிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாற்பது வயசு வரைக்கும் பின்தொடர்ந்தார்கள். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் குழுவினர் 2010-ல் கணக்குப் போட்டதில், சமூகத்துக்குக் கிடைத்த வருவாய் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம். எந்த வங்கி டெபாசிட் பணவீக்கம் போக இவ்வளவு தருகிறது?

கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மாதிரி இடங்களில் மனையியல் துறைக்குள் மனித மேம்பாடு என்று முதுகலை படித்துவிட்டு வருகிற பெண்களுக்கு அரசுப் பள்ளியில் வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முதுகலை ஆசிரியர் தேர்வில் மனையியலும் ஒரு பாடம். தேறினால் 36,900-ல் சேர்ந்து, பிளஸ் டூ மாணவிகளுக்குக் குழந்தை வளர்ச்சி என்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். குழந்தை இருக்கிற பால்வாடியில்தான் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.