தையலூசியும் படக்கதையும்

பெருநாளோ தீபாவளியோ கிறிஸ்துமஸோ, பேரக்குழந்தைக்குத் தம் கையாலேயே ஆடை தைத்துத் தரும் மூதாட்டியர் புதுவையில் இன்றும் உளர். (தையல் என்னுஞ் சொல் பெண்ணையும் குறிக்கும் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.) பாவாடையில் இரண்டு உள்மடிப்பு விட்டுத் தைப்பர்; குழந்தை வளர வளரப் பிரித்துவிடலாம். கடையாடையில் இந்தக் கணக்கு இல்லை.

இவர்களுக்குரிய பணி இன்னொன்றும் உண்டென்போம். குளூனி கன்னியரின் பூத்தையல் நிலையம் இருக்கும் வீதி ரோமன் ரோலண்ட் பெயரைத் தாங்கியது. 1827இல் தோன்றிய நம் அரசு நூலகத்திற்கும் அவர் பெயரே. அந்நூலகத்துப் படநூல்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் படித்துக் காட்ட இம்மூதாட்டியரைத் தலைமையாசிரியர்கள் அழைத்தால் என்ன?

எழுத்தறியாதவர் எங்ஙனம் படிப்பார் என வினவுவர் சிலர். படநூலின் நயமே அதுதான்! யானையின் படத்தைக் கண்டால் கதை தானே பிறக்கும். பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியர்க்கு நேரமில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. மூதாட்டியோ ஒரே பக்கத்தில் பத்து நிமிடம் நிற்பார். பிள்ளை குறுக்கே கேட்டால் மகிழ்வார். வீட்டில் பாட்டி இல்லாப் பிள்ளைகள் பெருகிவரும் இந்நாளில் இது சிறு பேறன்று.

வரும் கல்வியாண்டில் ஒரு பள்ளியிலேனும் தொடங்கட்டும். நூல்களைச் சுமந்து செல்லத் தமிழ்த்துறை மாணவர் இருக்கின்றனர்.