வளைந்து கொடுக்கட்டும் கணிப்பொறி!

சென்ற கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டு அத்தைக்குத் துணையாக ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்திற்குச் சென்றேன். மாமா காலமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. பாலிசியில் அவர் பெயர் ‘மு. கந்தசாமி’, ஆதார் அட்டையிலோ ‘கந்தசாமி முத்தையா’. இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்றது கணிப்பொறி! கவுண்டரில் இருந்தவர் நல்லவர்தான். “எனக்குப் புரியுதும்மா, கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குதே” என்றார்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தையின் பெயரே தலைப்பெழுத்து. மேனாட்டு வழக்கப்படி முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டங்களைப் போட்டு வைத்து, அதில் அடங்காதவரைக் குற்றவாளி போல் நிறுத்துவது என்ன நியாயம்?

கணிப்பொறியே கூடாது என்பதன்று என் வாதம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் 1964-ஆம் ஆண்டே அது நுழைந்தது. வேலை பறிபோகும் என்று அக்காலத்தில் ஊழியர் சங்கங்கள் எதிர்த்துப் போராடின. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் கோடிக்கணக்கான பாலிசிகளை இனிப் பேரேட்டில் எழுதிக் காக்க முடியுமா?

முன்பெல்லாம் ஒவ்வொரு திட்டத்தின் விதியையும் நிரலுக்குள்ளேயே எழுதிப் புதைத்து விடுவார்கள். ஒன்றை மாற்ற வேண்டுமானால் சுவரை இடித்துத்தான் கட்ட வேண்டும். இப்போது விதிகளைத் தனி அட்டவணையாக வைத்து, வேண்டியபோது மாற்றிக்கொள்ளும் மென்பொருள் வந்துள்ளது. புதிய திட்டங்களை விரைவில் விற்பனைக்குக் கொண்டுவரலாம் என்று நிறுவனங்கள் மகிழ்கின்றன. மகிழட்டும். அது யாருக்காக வளைகிறது என்பதே என் கேள்வி. மாதத் தவணையை ஆண்டுத் தவணையாக்க, திருமணமானபின் நாமினியை மாற்ற, காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்க வருகிற எளியவனுக்காகவும் அது வளைய வேண்டாமா?

வளையக் கூடாத இடமும் ஒன்றுண்டு. அதுதான் கொடுத்த வாக்கு. 1956-இல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கிக் கழகம் அமைத்தபோது, அவை எழுதிக் கொடுத்த பாலிசிகளின் பொறுப்பையும் கழகமே ஏற்றது. பாலிசி முப்பது ஆண்டு வாழ்கிறது; எந்தக் கணிப்பொறி அத்தனை காலம் உழைக்கிறது? இயந்திரம் மாறும், சட்டமும் மாறும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எக்காரணம் கொண்டும் செல்லாது என்று சொல்ல முடியாது. எந்த விதி எந்த நாள் முதல் என்பது ஒவ்வொரு பாலிசியோடும் ஒட்டியிருக்க வேண்டும். புதிய அட்டவணை பழைய வாக்கை அழித்துவிடலாகாது.

பெயருக்கு ஒரே கட்டம், வேறு பெயர்களுக்கு இன்னொன்று, அதிகாரி தன் காரணத்தை எழுதி ஒப்புதல் தர மற்றொன்று. நான் கேட்பது இவ்வளவே.

மூன்றாம் முறை சென்றபோது, இருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்துடன் கொடுத்தோம். மாமாவை இருபது ஆண்டுகளாக அறிந்த ஏஜெண்டு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.