உடன்பயின்றோர் எழுப்பிய சிலை

வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தை அமைத்தார். முயல்வார்க்கு இடுக்கண் வருதல் இயல்பு. வந்தவிடத்து மனந்தளராமை வேண்டும் என்பதே அவ்வைப்பு முறையின் கருத்தாகும். இவ்வுண்மையை ஏட்டிற் பயிலாது வாழ்விற் பயின்றோர், போரால் நொந்த யப்பானியச் சிறார்.

1945ஆம் ஆண்டிலே போர் முடிந்தபொழுது அந்நாட்டு நகரங்கள் பல சாம்பர்க் குவியலாய்க் கிடந்தன. பாடசாலைகள் எரிந்த இடங்களில் வெட்டவெளியே வகுப்பறை ஆயிற்று. போரைப் போற்றிய பாடப்பகுதிகளை மாணவர் தங் கையாலேயே மை பூசி மறைத்தனர். நேற்றுவரை மெய்யெனக் கற்றதை இன்று அழிக்கும் பிள்ளையின் உள்ளம் எத்துணை கலங்கியிருக்கும்! எனினும் அவர்கள் கல்வியைக் கைவிட்டாரல்லர்; மை படியாத வரிகளிலிருந்து மீண்டுந் தொடங்கினர்.

1945 ஓகஸ்டு 6ஆந் திகதி ஹிரோஷிமாவில் அணுக்குண்டு வீழ்ந்தபொழுது சடாக்கோ சசாக்கி இரண்டு வயதுக் குழந்தை. காயமின்றித் தப்பி, ஓட்டத்தில் வல்லவளாய் வளர்ந்த அவளைப் பத்தாண்டுகளின் பின் வெண்குருதிப் புற்றுநோய் பற்றியது. ஆயிரங் கடதாசிக் கொக்குகள் மடிப்பார்க்கு எண்ணியது கைகூடும் என்பது யப்பானியர் நம்பிக்கை. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவாறே, மருந்து சுற்றிய தாளையும் விடாது அவள் கொக்குகள் மடித்தாள். ஆயிரம் நிறையுமுன் இறந்தாள் என்று கதை கூறுவோர் உளர். ஆயிரத்தைக் கடந்தும் மடித்தாள் என்பர் அவள் குடும்பத்தார். அவர் கூற்றே என் நெஞ்சைப் பெரிதுந் தொடுவது. எண்ணிக்கை நிறைந்தும் நோய் நீங்கவில்லை. அவள் கைகளும் ஓயவில்லை. 1955 ஒக்டோபர் 25ஆந் திகதி, பன்னிரண்டாம் வயதில், அவள் மறைந்தாள்.

அவளுடன் பயின்றோர் அழுது அமையவில்லை. குண்டினால் இறந்த பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரு நினைவுச்சின்னம் வேண்டுமெனத் துணிந்தனர். பொருளுஞ் செல்வாக்கும் இல்லாத அச்சிறார் துண்டுப்பிரசுரம் வழங்கி உதவி வேண்டினர். யப்பானில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளிலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் பொருள் வந்தது. 1958 மே 5ஆந் திகதி, சிறுவர் தினத்திலே, கொக்கொன்றைத் தலைக்குமேல் ஏந்தி நிற்கும் சிறுமியின் சிலை ஹிரோஷிமாவின் சமாதானப் பூங்காவில் திறந்துவைக்கப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சிறாரின் பொறுமையை வியப்பது பெரியோர்க்கு எளிது. வியந்ததனாலே தங் கடன் தீர்ந்ததென அமைவது அதனினும் எளிது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அத்துணை மனவுறுதி தேவைப்பட்டமையே பெரியோர் செய்த பிழையன்றோ? யப்பானின் படைகளும் பிறநாட்டுப் பிள்ளைகளை அழவைத்தன. 1942 ஏப்பிரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் அவர்தங் குண்டுகள் வீழ்ந்தன. ஆனால் எந்நாட்டிலும் குண்டெறிந்தோர் பிள்ளைகளல்லர். 2009 வரை நீடித்த நம் நாட்டுப் போரிலே மரநிழலே வகுப்பாகப் பயின்ற சிறாரை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விழாக்கொண்டாடும் பழைய மாணவராகிய நாம் அந்த ஹிரோஷிமா வகுப்பினை எண்ணிப் பார்த்தல் தகும். ஒருத்தி விட்டுச்சென்ற பணியை உடன்பயின்றோர் ஏற்றுத் தொடர்ந்தனர். நம்பிக்கை என்னுஞ் சொல்லுக்கு இதனிற் சிறந்த பொருளை யான் அறியேன். போர் குலைத்த குடும்பமொன்றிலே படிப்பை இடைவிட்ட ஒரு மாணவனையேனும் தேடிச் சென்று மீண்டும் வகுப்பில் அமர்த்துவோமாயின், அதுவே இவ்விழாவாண்டில் நாம் எழுப்புஞ் சிலையாகும்.