பெரிய திரையா, நல்ல பேட்டரியா?



சிறு படகுக்கென்று இன்றைக்கு எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப்., எல்லாம் கலர் திரையில்! கடன் வாங்கியாவது பெரிய திரையாக வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். பாய் கட்டி ஓடும் வள்ளத்துக்கு இது சரியா? சரியில்லை என்பது என் கருத்து.

காரணம் கரண்ட். விசைப்படகில் எஞ்சின் ஓடும்போதே ஆல்டர்னேட்டர் பேட்டரியை ஏற்றிவிடும். பாய்க்கு ஆல்டர்னேட்டர் ஏது? 12 வோல்ட், 40 ஆம்பியர்-அவர் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆக, கைக்கு வருவது 20 தான். 2 ஆம்பியர் இழுக்கிற திரை அதைப் பத்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். சாயங்காலம் போன வள்ளம் விடியுமுன் இருட்டில் நிற்கும். இது நம் முதல் வருஷக் கணக்குதானே!

நான் சொல்லும் வரிசை இது. முதலில் திசைகாட்டி. அதற்குக் கரண்டே வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது, அதிலுள்ள காந்தம் ஊசியை இழுத்துவிடும். இரண்டாவது, பென்சில் பேட்டரியில் ஓடும் கையடக்க ஜி.பி.எஸ். மூன்றாவது வி.எச்.எஃப்.; ஆபத்து என்றால் 16-ஆம் சேனல். மிச்சப் பணமிருந்தால் எக்கோ சவுண்டர்.

"செல்போன் போதாதா?" என்பீர்கள். டவர் இல்லாவிட்டாலும் போன் இடத்தைக் காட்டும். ஆனால் கூப்பிட முடியாதே! 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்பதை மறக்கலாமா?

"நட்சத்திரத்தையும் காத்தையும் பாத்தே கரை சேந்தவங்கடா நாங்க" என்பார் அப்பா. உண்மைதான். ஆனால் பாக் நீரிணையில் 1974-ல் போட்ட எல்லைக்கோட்டை எந்த நட்சத்திரம் காட்டும்? ராத்திரியில் நீவாடு இழுத்தால் வள்ளம் எங்கே நிற்கிறதென்று யாருக்குத் தெரியும்? கோட்டை ஜி.பி.எஸ்.ஸில் பதிந்து வைத்தால், தெரியாமல் தாண்டுவதையாவது தடுக்கலாம். கரையில் காத்திருக்கிற அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

தோழர்களே, வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் பலர். லீவில் ஊருக்குப் போனால் உப்பேறிய டெர்மினலைச் சுரண்டி கிரீஸ் தடவுங்கள். ஃபியூஸ் போடுங்கள். கடைக்குப் போகிறவரோடு கூடப் போய் "எத்தனை ஆம்பியர்?" என்று கேளுங்கள். நம் படிப்பு கடற்கரைக்கும் போகட்டும்!

— இரண்டாமாண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு