வீட்டு வரிச் சலுகையும் வாக்குச்சீட்டின் மறுபாதியும்

2020 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் ஏறத்தாழ 51 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேற்றிய 19ஆம் இலக்க முன்மொழிவு, கடுமையான உடற்குறை உடையோர், 55 வயதைக் கடந்தோர், காட்டுத்தீயில் வீடிழந்தோர் ஆகியோருக்கான சொத்துவரிச் சலுகையாகவே மக்கள் முன் வைக்கப்பட்டது. அதன் மறுபாதி, பெற்றோரின் வீட்டைப் பெறும் பிள்ளைகளைப் பற்றியது. அங்கு வீடு வாங்கியுள்ள தமிழ்க் குடும்பங்கள் இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

அம்மாநிலத்தில் 1978 முதல் வீட்டின் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்வதில்லை. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு உயர்கிறது. இதனால், மாடிப்படி ஏற இயலாது போன ஒருவர் தரைத்தள வீடொன்றுக்கு மாற விரும்பினாலும் புதிய வரிக்கு அஞ்சிப் பழைய வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது. 1990இல் நிறைவேறிய 110ஆம் இலக்க முன்மொழிவு உடற்குறை உடையோருக்கு ஒருமுறை மட்டும் விலக்களித்தது. அதுவும் அதே கவுண்டிக்குள், அல்லது ஏற்க இசைந்த சில கவுண்டிகளில் மட்டுமே. 2021 ஏப்ரல் முதல் மாநிலத்தின் 58 கவுண்டிகளில் எதற்கும், மூன்று முறை வரை, பழைய வரிமதிப்பை உடன் கொண்டுசெல்லலாம். 4 இலட்சம் டொலர் வரிமதிப்புள்ள வீட்டை 12 இலட்சத்துக்கு விற்று அதே விலையில் மற்றொன்றை வாங்குபவர், 1 விழுக்காட்டு அடிப்படை வரியாக 12,000 டொலருக்குப் பதில் 4,000 டொலரே செலுத்துவார். இது நியாயமான சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் சலுகையை மட்டும் விரிவாக்க முனைந்த 5ஆம் இலக்க முன்மொழிவை 2018இல் மக்கள் நிராகரித்திருந்தனர். வீட்டு விற்பனை முகவர் சங்கத்தின் பெரும் பணபலத்துடன் அது மீண்டும் வந்தபோது, பிள்ளைகள் மீதான வரி அதற்கு ஈடாகச் சேர்க்கப்பட்டது. 2021 பெப்ரவரி 16 முதல், பெற்றோரின் வீட்டைப் பெறும் பிள்ளை அதில் தாமே குடியிருந்தாலன்றிப் பழைய வரிமதிப்பு தொடராது. வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் பெற்றோர் காலத்து வரி தொடர்வதை நியாயப்படுத்துவது கடினமே. எனினும் வேறு மாநிலத்தில் பணிபுரியும் இளையோருக்கு இது எதிர்பாராத சுமை.

சட்டம் பேசுவது வீட்டு உரிமையாளரைப் பற்றி. மகன் பெயரிலுள்ள வீட்டில் வாழும் உடற்குறையுற்ற தாய்க்கோ, வாடகைக் குடியிருப்பாளருக்கோ இதில் பயனில்லை. தகுதியுடையோருக்கும் சலுகை தானாக வராது. பழைய வீட்டை விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் புதியதை வாங்கி, மருத்துவச் சான்றுடன் கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் மூன்று ஆண்டுகளுக்குள் சேர்ந்தால்தான் முழுப்பயன் கிட்டும்.

குடியுரிமை பெறாத பெற்றோர் இவ்வரியைச் செலுத்தலாம், வாக்களிக்க இயலாது. அக்குடும்பங்களில் வாக்குச்சீட்டு 18 வயதை எட்டிய பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது.