செத்த கிருமிக்குக் கலாம் பெயரா?

கோள்களுக்குக் கிருமி போய்விடும் என்று விண்கலத்தைக் கழுவுவதும் சூடாக்குவதும் பணக்கார நாடுகளின் வெட்டிச் செலவு என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறார் நம் யோங் பெங் நண்பர். கிருமி காற்றில் மிதக்கும், வளராது. விண்வெளிக்குப் போனால் செத்துவிடும். இது அவர் தீர்ப்பு. மூன்று பத்தி தாண்டியதும் அவரே மார்தட்டுகிறார்: அப்துல் கலாம் பெயரில் விண்வெளியில் ஒரு கிருமி வாழ்கிறதாம்!

ஐயா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

கலாம் பெயர் கொண்ட அந்தச் சொலிபேசிலஸ் கலாமி விண்வெளியில் பிறந்ததல்ல. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 40 மாதம் ஓடிய காற்று வடிகட்டியில் சிக்கியது. 2017இல் அதை அறிவித்த நாசா குழுவின் கஸ்தூரி வெங்கடேஸ்வரன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சரக்கோடு சரக்காகப் பூமியிலிருந்து தொற்றிக்கொண்டு போயிருக்கும் என்றுதான் அவரும் சொன்னார். பெயரைக் கொண்டாடியவர், அது எப்படி மேலே போனது என்று கேட்டிருக்க வேண்டாமா?

நிலையத்துக்குள் காற்று இருக்கிறதே என்பார். வெளியேயும் வைத்துப் பார்த்தாயிற்று. ஜப்பானியரின் தான்போப்போ சோதனையில் டெய்னோகாக்கஸ் கிருமிகளைத் திரட்டி நிலையத்துக்கு வெளியே மூன்றாண்டு விட்டார்கள். மேலே இருந்தவை செத்தன. அந்தப் பிணங்களின் மறைவில் அடியில் இருந்தவை பிழைத்தன.

காற்றில் வளராது என்பதும் பழங்கதை. கலிபோர்னியாவில் டிம்மிக் குழுவினர் செர்ரேஷியா கிருமியை நுண்துளிகளாக மிதக்கவிட்டுச் சோதித்து, துளிக்குள்ளேயே அது பிரிந்து பெருகுகிறது என்று 1979இல் எழுதிவிட்டார்கள். பிரிந்தது சில தடவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வேண்டியிருந்தது ஈரமும் வெதுவெதுப்பும் கொஞ்சம் தீனியும். அடைமழைக்குப் பிறகு அலமாரியைத் திறந்து, பெல்ட்டில் பூத்த பூஞ்சையைத் துடைக்கும் யோங் பெங்காரருக்கா இது புரியாது? (பூஞ்சை வேறு, பாக்டீரியா வேறு என்று பிடித்துக்கொள்ள வேண்டாம், அந்த வித்தும் காற்றில்தான் வந்தது.)

"போனால்தான் என்ன, அங்கே யார் இருக்கிறார்கள்?" என்கிறார். யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத்தானே போகிறோம்! செவ்வாய்க்குப் போன வைக்கிங் கலங்களை 110 பாகைக்கு மேல் ஒரு நாளுக்கும் அதிகமாகச் சூடாக்கி அனுப்பியது அதனால்தான். நாளை செவ்வாய் மண்ணில் ஓர் உயிரணு கிடைத்தால், அது அந்த ஊர்க்காரனா, ஃபுளோரிடாவிலிருந்து ஒட்டிக்கொண்டு போனவனா என்று எதை வைத்துச் சொல்வார்?

ஃபுளோரிடாவை வாய்க்கு வந்தபடி இழுக்கவில்லை. டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்ற பாக்டீரியா அங்கும், பிரெஞ்சு கயானாவிலும் விண்கலம் பூட்டும் தூய அறைகளில் அகப்பட்டது. 2013இல் அறிவித்தபோது, வேறெங்கும் கண்டதில்லை. அத்தனை கழுவலுக்கும் தப்பி அது நின்றது. கழுவாமலே அனுப்பச் சொல்கிறார் நம்மவர்.